பூ உதிராத மூன்று செடிகள்

காலை ஆறு மணி பத்து நிமிடம். டேனரிச் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. நான் முதலில் பார்த்தது மஞ்சள் பூக்களை. அவை செடியில் இல்லை, தரையில் கிடந்தன. ஒவ்வொரு பூவும் காம்பின் நடுவில் இருக்கும் சின்னக் கணுவரை சுத்தமாகக் கழன்று விழுந்திருந்தது, யாரோ உட்கார்ந்து நகத்தால் கிள்ளிப் போட்டதைப் போல. அப்பா குந்தி உட்கார்ந்து அவற்றைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தார். கை நிறைந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

பங்குனி பாதி. ஆம்பூருக்கு வெளியே பாலாற்றை ஒட்டி இருந்த, தோல் பதனிடும் டேனரியின் தோட்டம் அது. ஆறு அப்போதும் பெரும்பாலும் மணல்தான். அந்தக் காலம் என்பதற்காக யாரும் அதில் தண்ணீர் ஓடியதாக நினைக்க வேண்டாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது. தோட்டத்து மூலையில் ஓர் அறை, அதுதான் எங்கள் வீடு.

என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த நாளில் நம் குழம்பில் தக்காளி கிடையாது, புளிதான். தக்காளி என்றால் வேலியோரம் காய்க்கும் மணத்தக்காளி. இந்தப் பெரிய சிவப்புப் பழத்துக்குச் சீமைத் தக்காளி என்று பெயர். அறுத்தால் ரத்தம் மாதிரி வருகிறது என்று அதைத் தொடாதவர்கள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். மார்கழி, தை மாதங்களில் வேலூர்ச் சந்தைக்குக் கொஞ்சம் வரும். சித்திரை வெயிலில் எங்கள் பக்கம் அதைக் காய்க்க வைத்தவரை யாரும் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு அதைத்தான் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

டேனரி முதலாளி ஒரு முஸ்லிம் வியாபாரி. வைகாசி பத்தாம் தேதி அவர் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் பெங்களூர்க்காரர்கள். குளிர்ந்த ஊர், அவர்கள் சமையலில் எதற்கெடுத்தாலும் சீமைத் தக்காளி. நிச்சயத்தின்போது அவர்களில் ஒருவர், "உங்க ஊர்ல தோல்தான் விளையும்" என்று சிரித்திருக்கிறார். முதலாளிக்கு அது தைத்துவிட்டது. பெங்களூரிலிருந்து ரயிலில் வரும் பழம் ஆம்பூரில் இறக்கும்போது பாதி கூழாகியிருக்கும் என்பது ஒரு காரணம். ஆனால் அந்தச் சிரிப்புதான் பெரிய காரணம் என்று இப்போது தோன்றுகிறது. விதைப் பொட்டலத்தைப் பெங்களூரிலிருந்தே வரவழைத்தார். பொட்டலத்தின் மேல் பழுத்த சிவப்பில் ஒரு படம். அப்பா அதைக் கிழியாமல் பிரித்து எங்கள் அறைச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டினார்.

அப்பா தோட்டக்காரர் அல்ல. பதினான்கு வருடம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். தோலிலிருந்து மயிர் கழல்வதற்காக அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். தொட்டிக்குள் வெறுங்காலோடு இறங்கி, அடியில் இருப்பதை மேலே, மேலே இருப்பதை அடியில் என்று புரட்ட வேண்டும். விரல் இடுக்கு முதலில் வெளுக்கும், பிறகு வெடிக்கும், பிறகு ஆறாது. வேலூரில் ஒரு டாக்டர் அவருடைய வலது காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை சுண்ணாம்பில் இறங்கினால் கணுக்காலோடு எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார். அப்பா திரும்பி வந்து முதலாளியிடம் அதைச் சொன்னார். முதலாளி கொஞ்சம் யோசித்துத் தோட்டத்தைக் கொடுத்தார்.

"கல்யாணத்துக்கு நம்ம தோட்டத்துப் பழம் வந்துடணும்பா. வந்துச்சுன்னா தோட்டம் உன்னுது, கடைசி வரைக்கும் நீயே பாத்துக்க. வரலேன்னா பழைய எடத்துக்கே போய்டு. ஒண்ணும் பயப்படாதே, உன் தொட்டிய வேற ஆளுக்குக் குடுக்காம வெச்சிருக்கேன்."

தொட்டியில் அப்பாவின் இடத்தைக் காலியாக வைத்திருந்ததை அவர் உதவியாகவே நினைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அப்பாவின் பங்கையும் சேர்த்து மற்ற மூன்று ஆட்கள் புரட்டினார்கள்.

அப்பா செய்த முதல் தவறு எங்கள் ஊரில் மட்டுமே செய்யக்கூடியது. தோலிலிருந்து சுரண்டிய மயிர், சுண்ணாம்போடு சேர்ந்து டேனரிக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். சுற்றுவட்டாரத்தில் தென்னை வைத்திருப்பவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து அதை அள்ளிப் போவார்கள். அதைவிடப் பெரிய உரம் எங்களுக்குத் தெரியாது. அப்பா நாற்பத்திரண்டு செடிகளுக்கும் தலா இரண்டு கூடை போட்டார். மாசி முடிவதற்குள் செடிகள் என் தோள் உயரம் வந்தன. இலை கறுகறுவென்று, தண்டு கட்டைவிரல் தடிமன். முதலாளி மாலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவார். "அரே வாஹ்! பாருங்க, பாருங்க" என்பார். எல்லோரும் புகழ்ந்தார்கள். செடியைப் பார்த்து அத்தனை பெரியவர்கள் ஒரே சமயத்தில் ஏமாந்ததை நான் பிறகு பார்த்ததில்லை.

ஏமாறாதவர் ஒருவர்தான், முதலாளி வீட்டுச் சமையல்கார பாய். கல்யாணச் சமையல் அவர் பொறுப்பு. வாரத்துக்கு இரண்டு தடவை வந்து வரப்பில் நின்று பார்ப்பார்.

"இன்னா தோட்டக்காரரே, கல்யாணத்துக்கு பிரியாணியா, கீரை மசியலா? மொதல்லயே சொல்லிட்டா மத்து எடுத்துக்கினு வந்துடுவேன்."

"வரும் பாய். பூ வெச்சிருக்குது" என்றார் அப்பா.

"பூவு மாப்புள்ளை மூஞ்சில சேரா கட்டித் தொங்க வுட ஆவும். அண்டாவுக்கு ஆவாதுப்பா."

அந்தப் பூதான் இப்போது தரையில் கிடந்தது. ஒரு வாரம் அப்படியே நடந்தது. காலையில் பூக்கும், மறுநாள் காலை உதிர்ந்திருக்கும். அப்பா தண்ணீரை ஜாஸ்தி ஆக்கினார், கம்மி ஆக்கினார். கண்பட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு வரப்பில் ஒரு பூசணிக்காயை உடைத்தார். பூ உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. சாயங்காலம் காலில் வேப்பெண்ணெய் போடும்போது அப்பா அந்தப் பாதத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருப்பார்.

இனி அம்மாவைப் பற்றி. அம்மா டேனரியில் காயப்போடும் கொட்டகையில் வேலை செய்தாள். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி வந்த தோலை நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயில் பட்டால் விறைத்து வெடித்துவிடும். அதனால் கூரை உண்டு, சுவர் கிடையாது. வரிசை வரிசையாக மூங்கில் கழிகள். அம்மா ஈரத்தோலை இரண்டு கையாலும் எடுத்து ஒரே வீச்சில் கழியின் மேல் போடுவாள். கழி வளைந்து துள்ளி நிற்கும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை. அவள் அதிகம் பேசமாட்டாள். எந்தப் பொருளையும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்ப்பாள், அவ்வளவுதான்.

நாற்று நட்டபோது அப்பா மெலிந்த மூன்றைக் கழித்து எறிந்தார். அம்மா அவற்றை எடுத்துப்போய்க் கொட்டகை ஓரத்தில், ஊறிச் சக்கையான ஆவாரம்பட்டை கொட்டிக் கிடந்த இடத்தில் ஊன்றினாள். செடி சாயாமலிருக்கத் தோல் வாரால் கடைசி மூங்கில் கழியோடு சேர்த்துக் கட்டினாள். பிறகு அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஒருநாள் ஒன்பது மணிக் கஞ்சி இடைவேளையில் அவள் தோட்டத்துக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் வந்து பாருய்யா."

"இன்னாத்த?"

"காய்."

நானும் பின்னால் ஓடினேன். வெளுத்த, சோகை பிடித்த மூன்று செடிகள். அவற்றில் கோலிக்குண்டு அளவில் பதினொரு பச்சைக் காய்கள். அப்பா ஒவ்வொன்றையும் விரலால் தொட்டார். மகிழ்ச்சியைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

"நெழல்ல எவனாவது காய்கறி வெப்பானா? ஏதோ தப்பிப் பொழச்சிருக்குது."

"மூணுமா தப்பிச்சிச்சு?"

அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். "இங்க மயிர் ஒரம் போடல. வேருல பட்டைச் சக்கை கெடக்குது, கைய வெச்சா சில்லுனு கீது. மேல கூரை கீது. அப்பறம், நான் தோலை வீசறப்பல்லாம் இது ஆடுது."

"ஆடறதுக்கும் காய்க்கறதுக்கும் இன்னாமே சம்பந்தம்?"

"தெரியல. இது ஆடுது. உன்னுது ஆடல."

அவள் ஒரு பூவின் கீழே கட்டைவிரலை நீட்டி, இன்னொரு விரலால் பூவைச் சுண்டினாள். பட்டைச் சாயம் ஏறிக் கறுத்திருந்த நகத்தில் வெளிர் மஞ்சளாகத் தூள் விழுந்தது. மறுநாள் ஆறு மணிக்குத் தோட்டத்தில் சுண்டிப் பார்த்தாள், ஒன்றும் விழவில்லை. ஆற்றங்கரைக் காற்றின் ஈரத்தில் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குச் சுண்டினாள், விழுந்தது. தானாக அது விழுவதற்கு அங்கே காற்றே அசையவில்லை. ராத்திரி வெக்கையில் பூ உதிரும், ஈரக் காற்றில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும், உரம் மிஞ்சினால் இலைதான் வரும் என்றெல்லாம் நாற்பது வருடம் கழித்து ஒரு விவசாயப் புத்தகத்தில் நான் படித்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"பூ காயாகிப் பழுக்க ஒண்ணரை மாசம் ஆவும்" என்றாள். "கல்யாணத்துக்கு அம்பது நாளு கீது. பேஜார் பண்ணாம இன்னிக்கே ஆரம்பி."

அப்பா அன்று மத்தியானமே வேரைச் சுற்றியிருந்த மயிர் உரத்தைச் சுரண்டி வெளியே கொட்டினார். செய்துகொண்டே முணுமுணுத்தார். ஆனாலும் செய்தார். அந்த இடத்தில் பட்டைச் சக்கையை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினார்கள். வரிசைகளுக்கு மேல் மூங்கில் நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தார்கள். சாயங்காலம் வேருக்கு ஊற்றுவதோடு நிற்காமல் சுற்றியுள்ள மணலையும் நனைத்தார்கள். ஆணியால் துளை போட்ட மண்ணெண்ணெய்த் தகரம்தான் பூவாளி. கிணற்றில் இறைக்கத் தோல் வாளி. அது கிணற்றுச் சுவரில் மோதும்போது சத்தமே வராது. அந்த மாதிரி வாளியை இப்போது எங்கே தேடினாலும் கிடைப்பதில்லை.

இரண்டாம் நாள் முதலாளி வந்தார். பங்களா மாடியிலிருந்து பார்க்கும்படி வைத்த தோட்டம் அது. இப்போது அங்கிருந்து பார்த்தால் காய்ந்த கீற்று மட்டும்தான் தெரியும்.

"இன்னாப்பா இது, செடிக்கெல்லாம் கோஷாத் திரை போட்டிருக்கே?"

"வெயில் தாங்கல முதலாளி."

"பச்சையே கண்ணுல படலியே!"

"பழம் படும்" என்றார் அப்பா. அவர் முதலாளியிடம் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தூள் விழும்படி பூவைத் தட்டும் வேலையை அம்மா செய்தாள். ஒன்பது மணிக்குக் கஞ்சியைக் குடித்துவிட்டு ஓடி வருவாள். ஈர்க்குக்குச்சியால் ஒவ்வொரு பூங்கொத்தின் காம்பையும் இரண்டு தட்டு தட்டுவாள். சங்கு ஊதுவதற்குள் நாலு வரிசையும் முடியும். நாலு வரிசையிலும் கடைசிச் செடியை மட்டும் தட்டாமல் விட்டாள். அப்பா அதைக் கவனித்துவிட்டார்.

"அது இன்னா பாவம் பண்ணிச்சு? அதையும் தட்டு."

"வோணாம். உட்டு வெச்சிருக்கேன்."

"நம்ம பொழப்பே தொங்கினு கீது. ஒரு காய் கூட வந்தா கசக்குதா?"

"தட்டறதுனாலதான் வருதான்னு தெரிஞ்சிக்கணும்யா."

"தெரிஞ்சி?"

"தெரிஞ்சிக்கணும்" என்றாள் மறுபடி.

அந்தப் பதிலை நான் வாழ்நாளில் பலமுறை நினைத்திருக்கிறேன். தன் வீட்டுக்காரரின் கால் போகுமா நிற்குமா என்று இருக்கும்போது, நாலு செடியைச் சும்மா விட்டுவைக்க எவ்வளவு நிதானம் வேண்டும்! படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள் பலரை அறிவேன். தான் நம்புவது சரிதானா என்று சோதித்துப் பார்க்கக் கையிலிருப்பதில் கொஞ்சத்தைப் பணயம் வைத்தவர்கள் அவர்களில் குறைவு.

ஒரு வாரத்தில் தரையில் பூ விழுவது பாதிக்கு மேல் நின்றது. பங்குனி முடிவதற்குள் தட்டிய செடி ஒவ்வொன்றிலும் ஏழெட்டுக் காய் பிடித்துவிட்டது. தட்டாத நாலிலும் சேர்த்து ஒன்பது. அம்மா அதை விரல் விட்டு எண்ணிவிட்டு வேலைக்குப் போனாள். அன்று முதல் அப்பா முணுமுணுக்கவில்லை.

சித்திரை வெயில் ஏறியது. காய் பெருத்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது காய்கள் நிறம் மாறத் தொடங்கின. ஆனால் சிவக்கவில்லை. மஞ்சளாகி, அதோடு நின்றன. சமையல்கார பாய் வந்து ஒன்றைக் கையில் உருட்டினார்.

"இது இன்னாப்பா, கமலாப் பழமா? சம்பந்திங்க செவப்பு கேக்கறாங்க. இதைப் போட்டா நான் மஞ்சத்தூள கொட்டிட்டேன்னு சொல்லுவாங்க."

"பழுக்கும் பாய்."

"எப்போ? புள்ளை பொறந்தப்பறமா?"

அன்று அவர் சாப்பிடவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பொட்டலத்துப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா தோட்டத்தில் ஒரு பழத்தைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். கீற்று விலகி வெயில் விழுந்த பக்கம் மஞ்சள். இலைக்குள் மறைந்திருந்த பக்கம் கொஞ்சம் சிவப்பு. ஒரே பழத்தில் இரண்டும் இருந்தன. அதை அப்பாவுக்குக் காட்டினாள்.

"சூட்டுல செவக்க மாட்டேங்குது. பறிச்சி வீட்டுக்குள்ள வெச்சிடலாம்."

"பறிச்சிட்டு ஆவலேன்னா? திரும்ப ஒட்ட முடியுமா?"

"பாதி பறிப்போம். பாதி செடியிலயே இருக்கட்டும்."

எங்கள் வீட்டில் குளிர்ந்த இடம் ஒன்றுதான், தண்ணீர்ப் பானைகளின் அடி. பானை கசிந்து கசிந்து அங்கே மணல் எப்போதும் ஈரமாக இருக்கும். அம்மா அந்த மணலைச் சுவரோரமாக இழுத்துப் பரப்பி, மேலே சாக்கு விரித்து, நிறம் திரும்பிய காய்களை ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கினாள். சாக்கின் ஓரத்தில் அவ்வப்போது தண்ணீர் தெளித்தாள். நாங்கள் மூவரும் வாசலில் படுத்தோம். சுண்ணாம்பும் தோலும் கலந்த நாற்றத்துக்குப் பழகிய மூக்குக்கு, தக்காளிக் காம்பின் அந்தக் காரமான பச்சை வாசனை முதல்முறையாக வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

நான்காம் நாள் காலை கதவைத் திறந்தேன். சாக்கின் மேல் இருந்தவை சிவந்திருந்தன, பொட்டலத்துப் படத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பாக. செடியில் விட்டவை இன்னும் மஞ்சளாகவே இருந்தன. அம்மா அன்றே மிச்சத்தையும் பறித்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பா மூன்று கூடைப் பழத்தைப் பங்களாச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். பாய் ஒரு பழத்தை எடுத்து அழுத்தினார், முகர்ந்தார், கத்தியால் இரண்டாகப் பிளந்தார், ஒரு துண்டை வாயில் போட்டார். நாங்கள் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னும் ரெண்டு கூடை இருக்குதா?" என்றார்.

"இல்ல பாய்."

"அடப் பாவி, வெச்சிருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு அப்பாவின் தோளில் எண்ணெய்க் கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

விருந்து முடிந்த பிற்பகல் முதலாளி சம்பந்திகளைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தார். நிச்சயத்தன்று சிரித்த மனிதரும் வந்திருந்தார். அப்பா துவைத்த தலைப்பாகையோடு, காலில் புதுத் துணி சுற்றி நின்றார். அம்மா அங்கே இல்லை. ஈரத்தோல் கல்யாணத்துக்காகக் காத்திருக்காது என்பதால் கொட்டகைக்கு மட்டும் அன்று வேலை இருந்தது. தோட்டத்திலிருந்து பார்த்தால் அவள் கை உயர்ந்து இறங்குவது தெரியும்.

"வெயில் காலத்துல எப்படிப்பா இது? யார்கிட்ட கத்துக்கினே?" என்று கேட்டார் பெங்களூர்க்காரர்.

"வீட்ல சொன்னாங்கய்யா" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அடக்கமான மனிதர், வேடிக்கையாகவும் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். முதலாளி பெருமையோடு அப்பாவின் முதுகைத் தட்டினார். அப்பா இன்னொரு தடவை, "மெய்யாலுமே வீட்லதான்" என்று கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். அதற்குள் அவர்கள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

சாயங்காலம் பங்களாவிலிருந்து எங்களுக்கு ஒரு சட்டி சாப்பாடு வந்தது. அதில் தக்காளித் துண்டு ஒன்று முழுசாகக் கிடந்தது. அம்மா அதைத் தின்று பார்த்தாள். "புளியே தேவலாம்" என்றாள். அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறி, நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. தோட்டமும் மூலை அறையும் அப்பாவுக்கு என்று அடுத்த திங்கட்கிழமை காலை டேனரி மேஸ்திரி வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றே, அப்பாவின் சுண்ணாம்புத் தொட்டிக்கு ஆலங்காயத்திலிருந்து ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள்.